நான் திருத்திப் படித்த கடிதம்

ஒரு தாய் கடவுளிடம் கேட்ட கேள்வியை நான் நன்றிக் கடிதமாக மாற்றி, கோயில் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் மைக்கில் படித்தேன். அந்தத் தாய் பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் தவறியோ கண் தவறியோ நடந்ததல்ல இது. நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு மையில், ஒரு முறை எழுதி, அது சரியாக வராமல் அடித்து, இரண்டாம் முறை எழுதிச் செய்த காரியம்.

நான் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்தவன். அதனால் எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லோருக்கும் நான் முசியே, பிரெஞ்சில் ஐயா. ஓய்வு பெற்ற மறு மாதமே அப்போதிருந்த பங்குச் சாமியார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். சனிக்கிழமை மாலை மாதா நவநாள் வழிபாட்டில் கடிதம் படிக்கும் வேலை. மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் எழுதி அதில் போடுவார்கள். வேண்டியது கிடைத்தவர்கள் நன்றி எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை மதியம் பூசை உடுப்பு வைக்கும் அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, வேண்டுதலை ஒரு பக்கமும் நன்றியை ஒரு பக்கமும் பிரிப்பேன். மாலையில் ஒவ்வொன்றாகப் படிப்பேன். வேண்டுதல் என்றால் ஜனங்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பார்கள். நன்றி என்றால் “மரியே வாழ்க” என்பார்கள். படித்து முடித்த கடிதங்களை ஒரு சாக்கில் சேர்த்து வைத்து, விபூதிப் புதனுக்கு முந்தின நாள் காலை, பழைய குருத்தோலைகளோடு எரிப்போம். மறுநாள் நெற்றியில் பூசும் சாம்பலில் அவையும் கலந்திருக்கும். ஒரு விதி உண்டு. படித்த கடிதம் மட்டும்தான் நெருப்புக்குப் போகும்.

கடிதங்களை அப்படியே படிக்க என்னால் முடியவில்லை. வாத்தியார் கை. எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு எழுவாய் போடுவேன். ‘கேன்சர் கட்டி’ என்று இருந்தால் ‘கொடிய நோய்’ என்பேன். மாமியார் மேல் மருமகள் எழுதிய வசவுகளை ‘குடும்ப சமாதானம்’ என்று இரண்டு சொல்லில் அடக்குவேன். “முசியே படிச்சா நம்ம கஷ்டம் கூட அழகா கேக்குது” என்று ஒருவர் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது சனிக்கிழமை நானே எழுதி நானே படித்தேன். அவள் பிழைத்தாள். என் நன்றிக் கடிதத்தையும் நானே படித்தேன். கோயிலே அதிரும்படி “மரியே வாழ்க” என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு நேராக இருந்தது: கேட்டேன், கொடுத்தார்.

அடுத்த வருடம் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு அம்மாள் எழுத ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர். கணவர் மில்லில் இருந்து, மில் மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாகப் போனவர். ஒரே மகள், இருபத்திரண்டு வயது, துணிக்கடையில் வேலை பார்த்தவள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அம்மா தயார், பொருந்த வேண்டும், அதற்காக வேண்டினார். எட்டாவது வாரம் நன்றிக் கடிதம் வந்தது: பொருந்திவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதைப் படித்தபோது அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். “ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு தாய்” என்றுதான் படிப்பேன். ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பதிமூன்று நாள் முன்பு அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

அது நடந்து ஐந்தாவது சனிக்கிழமை பெட்டியில் இந்தக் கடிதம் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்.

“மாதாவே, பொருந்திச்சின்னு சொன்னாங்க. இங்கயே வந்து நன்றி சொன்னேன். பதினோரு நாள்தான் பாக்கி. பிள்ள போயிட்டா. குடுக்க இஷ்டமில்லன்னா எதுக்குப் பொருத்தம் குடுக்கணும். பொருந்தலன்னு முதல்லயே சொல்லியிருந்தா வேற எங்கியாவது போய் நின்னிருப்பேன். நீயும் பிள்ளையப் பறிகொடுத்தவதான. உன் மகன்கிட்டக் கேட்டுச் சொல்லு. எனக்குப் பதில் வேணும்.”

எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. வேண்டுதலும் இல்லை, நன்றியும் இல்லை. சாமியாரிடம் காட்டியிருக்கலாம். படிக்காமல் விட்டிருந்தாலும் அது சிறிய தவறாக முடிந்திருக்கும். நான் பேனாவை எடுத்தேன். “அறுவை சிகிச்சையின் வேதனைக்கு ஆளாக்காமல், அமைதியான மரணத்தைத் தந்து என் மகளைத் தம்மிடம் அழைத்துக்கொண்ட இறைவனுக்கும், எனக்கு ஆறுதல் தந்த அன்னைக்கும் நன்றி” என்று அவர் எழுத்துக்கு மேலே எழுதினேன்.

ஜனங்களின் விசுவாசம் கலங்கக் கூடாது என்று செய்தேன் என அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் கேள்வியை அப்படியே படித்தால், என் வீட்டில் சமையல் செய்துகொண்டிருக்கும் மனைவி பிழைத்ததை நான் என்ன சொல்லி விளக்குவது? எனக்குக் கொடுத்தவர் இவருக்கு ஏன் கொடுக்கவில்லை? நான் நன்றாக வேண்டினேனா? இவர் சரியாக வேண்டவில்லையா? என் கணக்கு கலைந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

மாலையில் படித்தேன். வழக்கம்போல எல்லோரும் “மரியே வாழ்க” என்றார்கள். நான்காவது வரிசையில் அந்த அம்மாள் எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு எங்கள் கோயிலுக்கு வரவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பொம்பள அப்படியா எழுதியிருந்தா?”

“அப்படித்தான்.”

“அமைதியான மரணம்னா?”

“கொஞ்சம் பாஷையச் சரிபண்ணேன்.”

“பாஷைய” என்று மட்டும் சொல்லி, என் தட்டில் ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

அந்தத் தாளைச் சாக்கில் போடவில்லை. அது படித்த கடிதம் அல்ல என்பது எனக்குத் தெரியும். என் பிரெஞ்சு அகராதிக்குள் வைத்தேன். அங்கே அது இருந்தது.

ஐந்து வருடம் கழித்து என் மனைவிக்கு நோய் திரும்பி வந்தது. இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை. வேண்டாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. எழுதக் கை வரவில்லை. கடைசி மூன்று வாரம் அவள் பட்டது எனக்கும் எங்கள் தெரு நர்ஸ் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில், பங்குப் பேரவையில் இருக்கும் ஒருவர், நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“முசியே, ஒண்ணு நெனச்சி மனசத் தேத்திக்குங்க. இன்னும் இழுத்துக்கிட்டு வேதனைப்படாம, அமைதியான மரணத்தக் குடுத்துக் கூட்டிக்கிட்டாரு. அதுக்கே நன்றி சொல்லணும்.”

அது என் வாக்கியம். எங்கே கேட்டோம் என்று தெரியாமலேயே அவர் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையை உதற வேண்டும் போல இருந்தது. “சரிங்க” என்றேன். மனைவி இறந்த துக்கத்தைவிட அந்த வாக்கியத்தின் மேல் வந்த கோபம்தான் அன்று பெரிதாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒரு வருடம் படித்தேன். தீமை ஏன் இருக்கிறது என்று அறிஞர்கள் எழுதியவற்றை இரண்டு மொழிகளில் படித்தேன். மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரத்தால் தீமை வருகிறது என்கிறார்கள். சிறுநீரகத்துக்கு என்ன சுதந்திரம் என்று புரியவில்லை. துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் இறந்தவளை எதற்காகப் பக்குவப்படுத்த வேண்டும்? அம்மாவைப் பக்குவப்படுத்த மகளா? முழுப் படம் நமக்குத் தெரியாது என்கிறார்கள். இது ஒன்றுதான் நேர்மையாகப் பட்டது. தெரியாது என்றால் தெரியாது என்று நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. தெரிந்தவன் போல, அதுவும் அந்த அம்மாளின் வாயாலேயே, பதில் சொன்னேன். கடவுள் ஏன் அந்தப் பெண்ணை விட்டார் என்பதற்கு எனக்கு இன்றும் விடை இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு அடுத்தபடி நடந்த கெடுதலைச் செய்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதற்குக் கடவுளைக் கேட்க வேண்டியதில்லை.

அந்த அம்மாளும் கணவரும் மூலக்குளத்துக்குக் குடி மாறியிருந்தார்கள். டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேல் மாடியில் வீடு. ஒரு மதியம் போனேன். கம்பிக் கதவுக்கு உள்ளே அந்த அம்மாள் ஆஸ்பத்திரி நீலப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“நான்தாம்மா. கோயில்ல கடிதம் படிக்கிறவன்.”

“தெரியுது. பேசினாலே தெரியுது.” கதவைத் திறக்கவில்லை. “என்னா விஷயம்?”

“வீட்டுக்காரம்மா தவறிட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு.”

“கேள்விப்பட்டேன். அதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க?”

அகராதியிலிருந்து எடுத்து வந்த தாளைக் கம்பி வழியாக நீட்டினேன். வாங்காமல் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

“மெல்லப் பேசுங்க. அவரு டூட்டி பாத்துட்டு வந்து தூங்குறாரு.” தாளை வெளிச்சத்தில் பிடித்தார். “இதென்னா செவப்பா?”

“நான் திருத்தினது.”

“பரீட்ச பேப்பரா இது? எத்தன மார்க்கு போட்டீங்க?”

நான் செய்தது பெரிய தவறு, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“என் பொண்ணு செத்ததுக்கு அத்தன பேரும் வாழ்கன்னாங்க முசியே. அதக்கூட விடுங்க. இவரு ஆம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தாரு. வீட்டுக்கு வந்து என்னக் கேட்டாரு, நெஜமாவே நன்றின்னா எழுதிப் போட்ட, உனக்குப் பொண்ணு அவ்ளோதானான்னு. நான் அப்படி எழுதலன்னேன். மைக்குல என் காதால கேட்டேனேன்னாரு. முசியே படிச்சவரு, அவரு எதுக்கு இல்லாதத படிக்கப் போறாருன்னாரு. நாலு மாசம் எங்கிட்டப் பேசல. சாப்பாடு வைப்பேன், சாப்புடுவாரு. பேச மாட்டாரு.”

இது எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக நான் வருந்தியது வேறு ஏதோ ஒன்றுக்காக என்று அப்போது தெரிந்தது.

“இப்ப நம்புறாரா?” என்று கேட்டேன்.

“பாதி. கேக்குறத விட்டுட்டாரு.”

“அவரு எழுந்திருக்கட்டும். நான் இருக்கேன்.”

“நாலு மணி ஆவும்.”

“ஆகட்டும்.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். கீழே மெக்கானிக் ஒரு வண்டியைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் மூன்று புடவைகளை இஸ்திரி போட்டு முடித்து, அரிசி களைந்து, துணி உலர்த்திவிட்டு வந்தார். அலமாரி மேல் அந்தப் பெண்ணின் படம் இருந்தது, துணிக்கடைச் சீருடையில். மாதா படம் எங்கும் இல்லை.

கணவர் எழுந்து வந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் வணங்கினார். நான் எழுந்து நின்று சொன்னேன். உங்கள் மனைவி எழுதியது இது, நான் மேலே எழுதியது இது, அன்று படித்தது என்னுடையதை. அவர் ஜன்னல் பக்கம் போய்ப் படித்தார். படித்து முடித்த பிறகும் தாளை இறக்கவில்லை.

“சொன்னேன்ல” என்றார் அந்த அம்மாள்.

“சொன்ன” என்றார் அவர். தாளை இறக்கி, “நீ சொன்னதுதான்டி சரி” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நான் படிச்சவங்கள நம்புனேன் முசியே. என் பொண்டாட்டிய நம்பல.”

தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்ட வந்து காட்டிட்டீங்க. சரி. அன்னைக்கிக் கேட்டது நான் ஒருத்தனா?”

அவர் கேட்டது நியாயம். அதே இடத்தில் நின்று, எழுதியபடியே படிக்கிறேன் என்றேன். கணவர் மனைவியைப் பார்த்தார்.

“படிங்க” என்றார் அந்த அம்மாள். “ஆனா படிச்சிட்டுக் கம்முனு எறங்கிடணும். பின்னாடி ஒண்ணும் ஒட்டக் கூடாது. அவரு சித்தம், ஆறுதல், அது இதுன்னு ஒரு வார்த்த வரக் கூடாது.”

“வராது. என்ன மன்னிச்சீங்கன்னா...”

“அதச் சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் மைக்குல படிச்சிடுவீங்க.”

கணவர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

பங்குச் சாமியார் மாறியிருந்தார். புதியவர் இளைஞர், என்னிடம் மரியாதையாக இருப்பவர். கடிதத்தைப் படித்துப் பார்த்தார்.

“ஜனங்க தைரியம் தேடி வர்றாங்க முசியே. இதக் கேட்டுட்டு என்ன பண்ணுவாங்க?”

“தெரியல சாமி.”

“உங்களுக்குப் பதில் தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் அன்னைக்கி மாத்தினேன்.”

அவர் யோசித்து, படிக்கலாம் என்றார், முடித்ததும் ஒரு சின்ன ஜெபம் சேர்த்துவிட வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். சேர்க்கப் போவதில்லை என்று தலையாட்டும்போதே எனக்குத் தெரியும். அதுவும் ஒரு பொய்தான். இரண்டு வாக்குகளில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, மற்ற கடிதங்களுக்குப் பிறகு, முன்பொரு நாள் இதே மைக்கில் ஒரு தாயின் கடிதத்தை மாற்றிப் படித்தேன் என்று சொன்னேன். பிறகு அவர் எழுதியதைப் படித்தேன், ‘பொருந்திச்சின்னு’ என்பதை ‘பொருந்திச்சின்னு’ என்றே. முடித்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் “மரியே” என்று ஆரம்பித்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. வேண்டுதலுக்கு உரியதைச் சொல்வதா, நன்றிக்கு உரியதைச் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. சாமியார் ஜெபத்துக்காக என்னைப் பார்த்தார். நான் இறங்கி என் இடத்துக்குப் போனேன். கணவர் மட்டும் வந்திருந்தார். தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர், நான் உட்காரும்போது அங்கே இல்லை.

இரவு எட்டு மணிக்கு அந்த அம்மாள் போன் செய்தார்.

“என்னா சொன்னாங்க எல்லாம்?”

“ஒண்ணும் சொல்லல.”

“வாழ்கன்னாங்களா?”

“ரெண்டு மூணு பேரு ஆரம்பிச்சாங்க. நிறுத்திட்டாங்க.”

“இவரும் அதத்தான் சொன்னாரு” என்றார்.

“இப்ப படிச்சாச்சும்மா. விபூதிப் புதனுக்கு எரிக்கிறதுல சேத்துடட்டுமா?”

“எதுக்கு? பதில் வந்துடுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு எரிக்கிறது? வச்சிருங்க.”

“உங்ககிட்டயே குடுத்துடறேனே.”

“எங்கிட்ட வேணாம். நீங்கதான மாத்தினீங்க, நீங்களே வச்சிருங்க.”

அடுத்த வாரம் சாமியார் என் வயதையும் தொண்டையையும் பற்றி அக்கறையாகப் பேசினார். கடிதம் படிக்கும் வேலை ஒரு கல்லூரி மாணவிக்குப் போனது. நன்றாகப் படிக்கிறாள். நான் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். வேண்டுதலுக்கு எல்லோரோடும் சேர்ந்து பதில் சொல்கிறேன். நன்றிக் கடிதம் வரும்போது, எழுதியவர் முகம் கண்ணில் படுகிறதா என்று முதலில் தேடுகிறேன். அதற்குள் மற்றவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜனங்களின் விசுவாசம் கலங்கியதா என்றால், இல்லை. கூட்டம் குறையவில்லை. ஒரு சிலர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் எங்கள் கோயிலுக்குத் திரும்பி வரவில்லை. கணவர் எப்போதாவது பூசைக்கு வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போகிறார்.

நான் இன்னும் ஜெபம் சொல்கிறேன். யாரிடம் சொல்கிறேன் என்பதில் முன்பிருந்த நிச்சயம் இல்லை. ஆனால் அந்த அம்மாளின் கேள்விக்கு ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் விடவில்லை.

ஐப்பசியில் அவர் மகளின் நினைவு நாள் வரும். அன்று காலை ஒவ்வொரு வருடமும் போன் வருகிறது. கடிதம் இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்பேன், வைத்துவிடுவார். இந்த வருடம் மழையில் லைன் சரியாகக் கேட்கவில்லை.

“இருக்கா?”

“இருக்கும்மா. டிக்சனரியிலதான்.”

“நீங்க?”

“நானும் இருக்கேன்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.